சென்னையில் முதல் இரண்டு மாதம்: எங்கே தங்குவது, எந்த ஏரியாவில் வீடு பார்ப்பது

சென்னையில் வேலை கிடைத்ததும் பலர் ஊரிலிருந்தபடியே போனில் வீடு பேசி, அட்வான்ஸ் அனுப்பிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். முதல் மாதம் எந்த வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மேன்ஷனிலோ (மாத வாடகைக்குக் கட்டில் தரும் ஆண்கள் விடுதி) ஹாஸ்டலிலோ ஒரு கட்டில் பிடித்து முப்பது நாள் தங்குங்கள். வேலைக்குப் போய்வரும் வழியும் தண்ணீர் நிலவரமும் அதற்குள் பிடிபட்டுவிடும். வீடு பார்ப்பது அதன் பிறகு.

காரணம் கணக்குத்தான். மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வையுங்கள். ஐந்து மாத அட்வான்ஸ் 60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 12,000. முதல் மாத வாடகை 12,000. சாமான் ஏற்றுகூலி போகவே 84,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் ஆபீஸ் போக ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றும், சித்திரை பிறந்தால் குழாயில் காற்றுதான் வரும் என்றும் தெரியவரும். காலி செய்தால் புரோக்கர் காசு திரும்பாது, பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொள்வார்கள். அதற்குப் பயந்தே பிடிக்காத வீட்டில் ஒரு வருஷம் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

கிளம்பும் முன்

ஆதார் நகல் நான்கு, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆறு, வேலை ஆணை அல்லது கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தின் நகல் இரண்டு, நல்ல பூட்டு ஒன்று, ஒரு போர்வை, ஒரு வாளி வாங்கும் அளவுக்குச் சில்லறை. இவ்வளவு போதும். மெத்தை, மிக்ஸி, சைக்கிள் எல்லாம் வீடு அமைந்த பிறகு வரட்டும். ஆதாரின் முதல் எட்டு எண்களை மறைத்த பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கேட்கிற இடத்தில் எல்லாம் முழு எண்ணோடு நகல் கொடுப்பதைவிட அது நல்லது. எந்த நகலாக இருந்தாலும் அதன் மேல் குறுக்காக "தங்கும் அறைக்காக மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள்.

வந்து இறங்கும் இடம்

தென்மாவட்டங்களிலிருந்து வரும் அரசு விரைவுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களும் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து திருவல்லிக்கேணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை நாலரை மணிக்கு இறங்கி, தூக்கக் கலக்கத்தில் ஆட்டோவில் ஏறினால் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். முனையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்து நிற்கும். அதில் தாம்பரம் வந்து, அங்கே மின்சார ரயில் பிடியுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட்டில் எழும்பூர் என்று போட்டிருப்பதற்காக எழும்பூர் வரை போக வேண்டியதில்லை. சோழிங்கநல்லூர், மேடவாக்கம், வேளச்சேரி போகிறவர்களுக்குத் தாம்பரத்தில் இறங்குவதுதான் பக்கம். ஸ்டேஷனுக்கு வெளியே கிழக்குத் தாம்பரம் பக்கம் வந்தால் பஸ் உண்டு. கோவை, சேலம் வண்டிகள் சென்ட்ரலுக்கு வரும். அங்கே தரைக்குக் கீழே மெட்ரோ, பக்கத்துக் கட்டடத்தில் ஆவடி, அம்பத்தூர் பக்கம் போகும் புறநகர் ரயில், சாலையைக் கடந்தால் பூங்கா ஸ்டேஷனில் தாம்பரம் ரயில். எல்லாத் திசைக்கும் அங்கேயே வண்டி இருக்கிறது.

முதல் இரண்டு மூன்று இரவுகள்

நேர்காணலுக்கோ, சேர்ந்த அன்றே ரூம் தேடவோ வருகிறவர்களுக்கு ரயில்வே ஓய்வறை நல்ல வழி. ஊர்ஜிதமான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து இணையத்தில் முன்பதிவு செய்யலாம். தனி அறை கிடைக்காவிட்டாலும் டார்மிட்டரியில் கட்டில் கிடைக்கக்கூடும். பெட்டியை மட்டும் வைத்துவிட்டுச் சுற்ற வேண்டுமானால் கிளோக் ரூம் இருக்கிறது. பூட்டாத பையை அங்கே வாங்க மாட்டார்கள். கொண்டுவந்த பூட்டு முதலில் பயன்படுவது இங்கேதான்.

லாட்ஜ் என்றால் எழும்பூர் கென்னட் லேன், பெரியமேடு, திருவல்லிக்கேணி. சாவி வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: "இருபத்திநாலு மணி நேரக் கணக்கா, பகல் பன்னிரண்டு மணிக் கணக்கா?" காலை ஆறு மணிக்கு அறை எடுத்து, பன்னிரண்டு மணிக் கணக்கில் மாட்டினால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுக்க வேண்டியிருக்கும்.

மேன்ஷன்

கையில் காசு குறைவாக வருகிற ஆண்களுக்குத் திருவல்லிக்கேணியைப் போல இடம் கொடுக்கும் ஏரியா சென்னையில் வேறில்லை. பெரிய தெரு, பெல்ஸ் சாலை, வாலாஜா சாலையை ஒட்டிய சந்துகளில் மூன்று மாடி, நான்கு மாடி மேன்ஷன்கள் வரிசையாக நிற்கும். நீள வராந்தா, இருபுறமும் பத்துக்குப் பத்து அறைகள், அறைக்கு இரண்டு மூன்று கட்டில், மாடிக்கு ஒரு கோடியில் பொதுக் கழிப்பறை, குளியலறை. போனில் பேசினால் "ரூம் இல்லை" என்றுதான் பதில் வரும். நேரில் போய், கீழே கணக்குப் பார்க்கிற மேனேஜரிடம், "அண்ணே, ஒரு பெட் இருக்கா? மாசக் கணக்குல வேணும்" என்று கேளுங்கள். மாதக் கடைசி மூன்று நாளும் முதல் மூன்று நாளும்தான் கட்டில் காலியாகும். நடு மாதத்தில் தேடி அலைந்தால் கால் வலிதான் மிச்சம்.

வாடகை ஆளுக்கா, அறைக்கா? அறைக்கு என்றால், உடனிருப்பவர் காலி செய்தால் அவர் பங்கும் உங்கள் தலையில் விழும். கரண்ட் சேர்த்தா, தனியா? காலையில் தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவார்கள், எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள்? சில இடங்களில் ஒன்பதோடு நின்றுவிடும். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு அது ஒத்துவராது. பத்து மணிக்கு மேல் கேட் பூட்டுவார்களா? ஊரிலிருந்து அப்பா வந்தால் ஒரு இரவு தங்கலாமா? இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.

கட்டிலைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. மெத்தையைத் தூக்கி, ஓரத் தையலை விரலால் விரித்து, போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய, தட்டையான பழுப்பு நிறப் பூச்சி தெரிகிறதா? பூச்சி தெரியாவிட்டாலும், மைப்பேனா முனையால் தொட்டுத்தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் பொட்டுகள் இருந்தால் மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது. கட்டிலின் நான்கு மூலை இணைப்புகள், பலகை இடுக்கு, தலைமாட்டுச் சுவரில் நசுக்கித் தேய்த்த ரத்தக் கோடு, இவற்றையும் பாருங்கள். "பக்கத்து ரூமுக்கு மாத்தித் தர்றேன் தம்பி" என்றால் அதே மாடியில் வாங்காதீர்கள். சுவர் விரிசலிலும் வயர் போகிற குழாயிலும் அது அறை விட்டு அறை போகும். ஒருமுறை உங்கள் துணிப்பையில் ஏறிவிட்டால் அடுத்த வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

சாப்பாட்டுக்குச் சுற்றிலும் மெஸ்கள் உண்டு. முதல் வாரம் நான்கைந்து இடங்களில் மாற்றிமாற்றிச் சாப்பிட்டுப் பார்த்து, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற இடத்தில் மாதக் கணக்கு வையுங்கள். காசு இறுக்கமான நாட்களில் அம்மா உணவகம் இருக்கிறது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே போய் நிற்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசல்களில் நோயாளிகளோடு வருகிறவர்கள் அதை நம்பித்தான் நாளை ஓட்டுகிறார்கள்.

பிஜி, ஹாஸ்டல்

ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை), கிண்டி, போரூர் பக்கம் மேன்ஷன் கிடையாது, பிஜி எனப்படும் பேயிங் கெஸ்ட் விடுதிதான். சாப்பாட்டோடு சேர்த்து மாத வாடகை. "த்ரீ ஷேரிங்", "ஃபோர் ஷேரிங்" என்று பேசுவார்கள். கட்டில் எண்ணிக்கையைவிட முக்கியம் ஒரு பாத்ரூமுக்கு எத்தனை பேர் என்பது. ஆறு பேருக்கு மேல் என்றால் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பவே முடியாது. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேளை, அதுவும் இரவுச் சாப்பாடு, காசு கொடுத்தாவது அங்கே சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிறு மதியச் சாப்பாட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது, அன்று எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

அறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய ஹாலைப் பிளைவுட் தடுப்பு வைத்து மூன்றாகப் பிரித்து, நடு அறையை ஜன்னலே இல்லாமல் விட்டிருப்பார்கள். மே மாதம் அதில் படுக்க முடியாது. தீப்பிடித்தால் வெளியே வர மாடிப்படி ஒன்றே ஒன்று, அதன் அடியிலேயே சமையலறை, கேஸ் சிலிண்டர் என்று இருக்கிற கட்டடங்களையும் தவிர்த்துவிடுங்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேல் கேட்டால் வேறு இடம் பாருங்கள். அதில் "மெயின்டெனன்ஸ்" என்று எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்ய வேண்டும், இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ரசீது தராத இடத்தில் அந்த இரண்டு கேள்வியையும் வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

பெண்கள் பார்க்க வேண்டியவை

பெண்கள் விடுதி நடத்த உரிமம் கட்டாயம். 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பெற வேண்டிய உரிமம் அது. "லைசென்ஸ் காப்பி பார்க்கலாமா மேடம்?" என்று வார்டனிடம் கேளுங்கள். சுவரில் மாட்டியிருப்பவர்கள் காட்டிவிடுவார்கள். "அப்ளை பண்ணிருக்கோம்மா" என்ற பதில் வந்தால் அங்கே முப்பது நாளுக்கு மேல் திட்டம் போடாதீர்கள். தமிழக அரசே நடத்தும் தோழி விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்யலாம். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் வேலை உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

விடுதியைப் பகலில் ஒருமுறையும், நீங்கள் வழக்கமாகத் திரும்பும் நேரத்தில் ஒருமுறையும் போய்ப் பாருங்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல் வரை தெருவிளக்கு எரிகிறதா, அந்த நேரத்தில் கடைகள் திறந்திருக்கின்றனவா என்பது இரவு ஒன்பது மணிக்குத்தான் தெரியும். கேமரா வாசலிலும் படியிலும் இருக்க வேண்டும். வராந்தாவில் அறைக் கதவை நோக்கி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மொட்டை மாடிக் கதவு உள்ளிருந்து பூட்டப்படுகிறதா? நைட் ஷிஃப்ட் இருந்தால், கம்பெனிக் கடிதம் கொடுத்தால் நேரக் கட்டுப்பாடு தளருமா என்பதைச் சேரும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இதில்தான் பின்னால் தகராறு அதிகம். பறக்கும் ரயில் (மேம்பாலத்தில் ஓடும் உள்ளூர் ரயில்) நிலையங்கள் சில இரவில் ஆளரவமின்றி இருக்கும், அந்த வழியை நம்பி விடுதி எடுக்கும் முன் ஒருமுறை இரவில் இறங்கிப் பார்த்துவிடுங்கள். பெண்கள் உதவி எண் 181.

ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது: முதலில் ரயில், பிறகு வாடகை

எந்த ஏரியா நல்ல ஏரியா என்று கேட்டால் நுங்கம்பாக்கம், அடையாறு, அண்ணா நகர் என்று பெயர்கள் வரும். புதிதாக வருகிறவருக்கு அந்தக் கேள்வியே உதவாது. உங்கள் வேலை இடத்துக்கு எந்த ரயில் போகிறது என்று பாருங்கள். அந்தப் பாதையில் எவ்வளவு தள்ளிப் போனாலும் பரவாயில்லை. பாதையை விட்டு விலகினால்தான் கஷ்டம். குரோம்பேட்டையிலிருந்து எழும்பூர் போகிறவர் காலையில் நிம்மதியாகப் போய்ச் சேருவார். கிலோமீட்டர் கணக்கில் அதைவிடப் பக்கத்தில், ஆனால் ரயிலே இல்லாத இடத்தில் இருப்பவர் சிக்னல் சிக்னலாக நிற்பார்.

கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு பாதைதான் நகரத்தின் முதுகெலும்பு. கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, கிண்டி, பழவந்தாங்கல், பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் இதில் வரும். தாம்பரம் தாண்டினால் வாடகை இறங்கும், ரயில்களின் எண்ணிக்கையும் இறங்கும். கூடுவாஞ்சேரியில் வீடு எடுக்கிறவர்கள் கால அட்டவணையைப் பார்த்துவிட்டு எடுங்கள். மேற்கே சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் பாதை. அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு இதுதான். வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் வழி கும்மிடிப்பூண்டி போகும் ரயில்கள் குறைவு. திருவொற்றியூர், விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தபின் அந்தப் பக்கம் இருப்பது எளிதாகியிருக்கிறது. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர், திருவான்மியூர், தரமணி வழியாக வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில்.

ஓ.எம்.ஆரில் பெருங்குடி தாண்டினால் ரயில் இல்லை. அங்கே மெட்ரோ வேலை நடக்கிறது, அதனாலேயே சாலையும் குறுகிக் கிடக்கிறது. சிறுசேரியில் வேலை என்றால் நாவலூர், கேளம்பாக்கம் பக்கமே தங்கிவிடுங்கள். வேளச்சேரியில் வீடு எடுத்துத் தினமும் போய்வரலாம் என்று எண்ண வேண்டாம். தரமணி, பெருங்குடி ஆபீஸ்காரர்களுக்குப் பறக்கும் ரயில் பாதையில் எங்கு வேண்டுமானாலும் வீடு பார்க்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வேலை என்றால், முதலில் கம்பெனி பஸ் எந்தெந்த நிறுத்தத்தில் நிற்கும் என்ற பட்டியலை வாங்குங்கள். அந்த நிறுத்தத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை தேடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்கள் அண்ணா நகரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்துவிடலாம் என்பதால், வாடகை குறைந்த திருவல்லிக்கேணியிலிருந்தே போய்வர முடியும்.

ஏரியாவை முடிவு செய்யும் முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த ஏரியாவிலிருந்து ஆபீசுக்கு ஒருமுறை போய், மாலை ஆறரைக்குக் கிளம்பித் திரும்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு எல்லா இடமும் அரைமணி நேரத் தொலைவுதான். மாதச் செலவைக் கணக்கிட: மின்சார ரயிலுக்கு மாத சீசன் எடுத்தால் செலவு மிகக் குறைவு. ஏ.சி. இல்லாத மாநகரப் பேருந்துகளுக்கு 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

தண்ணீர்

வாடகைக்கு அடுத்தபடி கேட்க வேண்டியதல்ல இது, வாடகைக்கு முன்பே கேட்க வேண்டியது. "தண்ணி கஷ்டமே கிடையாது சார்" என்று எல்லா ஓனரும் சொல்வார்கள். அதனால் கேள்வியை உடைத்துக் கேளுங்கள். மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) இணைப்பு இருக்கிறதா? இருந்தால் தினமும் வருகிறதா, ஒருநாள் விட்டு ஒருநாளா? அது சம்ப்பில் (தரைக்கடித் தொட்டியில்) விழுந்து மோட்டாரில் மேலே ஏறுகிறதா, கீழே அடிபம்பில் பிடித்து நீங்களே தூக்க வேண்டுமா? போர் (ஆழ்துளைக் கிணறு) எத்தனை அடி? வெயில் காலத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா? வாங்கினால் அந்தக் காசு மெயின்டெனன்ஸில் அடக்கமா, ஆளுக்கு இவ்வளவு என்று தனியா? ஓ.எம்.ஆரில் பல அடுக்குமாடிகள் லாரித் தண்ணீரை நம்பித்தான் நிற்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே மெயின்டெனன்ஸ் தொகை ஏறும்.

வாயால் கேட்பதைக் கண்ணால் சரிபார்க்கலாம். பாத்ரூம் குழாயின் வாயைப் பாருங்கள்: வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்தால் உப்பு அதிகம். டைல்ஸிலும் பக்கெட்டின் உட்புறத்திலும் செம்பழுப்புக் கோடு இருந்தால் இரும்புச்சத்துள்ள போர் தண்ணீர். வெள்ளைச் சட்டை மூன்று மாதத்தில் மஞ்சளாகும். கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள், நுரை வராமல் பிசுபிசுத்தால் அந்தத் தண்ணீரில் தலைமுடி படும் பாடு புரியும். ஃபிளஷ் தொட்டியின் மூடியைத் திறந்து அடியில் மணலும் சேறும் எவ்வளவு என்று பாருங்கள். கடைசியாக, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் பால் கடையிலும், "இந்தத் தெருவில மே மாசம் தண்ணி எப்படிண்ணே?" என்று கேளுங்கள். வாடகையில் அவர்களுக்குப் பங்கு இல்லை, உள்ளதைச் சொல்லிவிடுவார்கள்.

குடிக்கப் பெரும்பாலான வீடுகளில் 20 லிட்டர் கேன்தான். மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டாவது மாடிக்கு மேல் கேன் தூக்கிவரத் தனிக் காசு கேட்பார்கள்.

மழையும் வெயிலும்

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் வீடு பார்த்தால் தெருவைப் பொறுத்து நிலைமை மாறும். ஏரியாவையே ஒதுக்க வேண்டியதில்லை, தரைத்தளத்தை ஒதுக்கினால் போதும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பழைய வீடுகள் தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டன. வாசலில் படி இறங்கி உள்ளே போகும்படி இருந்தால் அந்தத் தரைத்தளம் வேண்டாம். சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து ஒரே மட்டமாகக் கோடு ஓடுகிறதா, மின்மீட்டர் பெட்டியைப் பழைய இடத்திலிருந்து உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டும் வெள்ளம் வந்த அடையாளம். சம்ப்பின் மூடி தரைமட்டத்திலேயே இருந்தால் மழைநீரோடு சாக்கடையும் அதில் கலந்துவிடும். முதல் மாடிக்காரர்களும் இதைப் பார்க்க வேண்டும், சம்ப் எல்லோருக்கும் ஒன்றுதான்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு வாடகை குறைவாகக் கிடைக்கும். மேற்குச் சுவரும் வெயில் படுவதாக இருந்தால் மே மாதம் இரவு பதினொரு மணிக்கும் ஃபேன் சூட்டுக்காற்றையே இறைக்கும். கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக இருந்தால் ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைக் கிடங்குகளின் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் காற்றடிக்கும் மாலை வேளையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள்.

ஓனர், புரோக்கர், அட்வான்ஸ்

கல்யாணமாகாதவர்களுக்கு வீடு கிடைப்பது இன்னும் சிரமம்தான். போனிலேயே உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: "மூணு பேர் சார், பேச்சுலர்ஸ், ஒருத்தருக்கு நைட் ஷிஃப்ட், நான்-வெஜ் சமைப்போம்." மறைத்துச் சேர்ந்தால் இரண்டாம் மாதமே காலி செய்யச் சொல்வார்கள். சிலர் சுற்றிவளைத்து ஜாதி கேட்பார்கள், மதம் கேட்பார்கள். அப்படிக் கேட்கிற வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் அங்கே நிம்மதி இருக்காது, எழுந்து வந்துவிடுங்கள்.

டு-லெட் போர்டு பார்த்து நேராகப் பேசினால் புரோக்கர் காசு மிச்சம். தேர்ந்தெடுத்த ஏரியாவில் காலை ஏழு முதல் ஒன்பது வரை தெருத்தெருவாக நடப்பதே போதும். புரோக்கர் மூலம் போனால், வீட்டைக் காட்டவே இருநூறு, முந்நூறு கேட்பவரை விட்டுவிடுங்கள். கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சாவி கைக்கு வந்த பிறகே கொடுக்க வேண்டும். இணைய விளம்பரத்தில் ராணுவத்தில் இருப்பதாகவும், மாற்றலாகிப் போவதாகவும் சொல்லி, டோக்கன் அட்வான்ஸ் கேட்கும் மோசடி நீண்ட நாளாக நடக்கிறது. பணம் திருப்பித் தருவதாக கியூ.ஆர். கோடு அனுப்புவார்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை. ஸ்கேன் செய்தால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மின்கட்டண ரசீதையும் சொத்துவரி ரசீதையும் கேட்டுப் பெயரைப் பாருங்கள். பேசுகிறவர் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் வேறாக இருந்தால், உரிமையாளரோடு நேரடியாகப் பேசாமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், இருதரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஆறு கேட்கிறவர் நான்குக்காவது இறங்குவார். ஐந்து லட்சம், எட்டு லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் இருக்கும் லீஸ் புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து ஏலத்துக்குப் போனால் உங்கள் பணத்துக்கு வழக்குதான் மிஞ்சும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் இணையம் வழியே பதியவும் வேண்டும். அதில் இவை கட்டாயம் இடம்பெறட்டும்: அட்வான்ஸ் தொகை எவ்வளவு, அதைச் சாவி ஒப்படைக்கும் அன்றே திருப்புவதாக ஒரு வரி, பெயிண்டிங்குக்கு எவ்வளவு பிடிக்கலாம், வருஷத்துக்கு வாடகை எவ்வளவு ஏறும், காலி செய்ய இருவருக்கும் எத்தனை நாள் அவகாசம், மோட்டார் ரிப்பேர் யார் செலவு. அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் வங்கி வழியே அனுப்பி, "வீட்டு அட்வான்ஸ்" என்று குறிப்புப் போடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம், யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருந்தால் சர்வீஸ் எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் கட்டுங்கள். அந்த 100 யூனிட்டும் உங்களுக்குக் கிடைக்கும். ஒரே இணைப்பிலிருந்து மூன்று போர்ஷனுக்கு சப்-மீட்டர் போட்டிருந்தால் எல்லோர் யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் விலைப்படிக்குப் போய்விடும். ஓனர் யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று கேட்பது அதனால்தான். வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று சப்-மீட்டர் வீட்டை எடுத்தால், ஏ.சி. போடும் மாதங்களில் அந்த ஆயிரம் அங்கேயே போய்விடும்.

குடிபோகும் அன்று

சாமான் இறக்கும் முன் காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள்: சுவர் விரிசல், உடைந்த டைல்ஸ், ஆடும் தாழ்ப்பாள், ஃபேன் ஒவ்வொன்றும் சுற்றுவது. மீட்டர் ரீடிங்கைத் தனியாகப் போட்டோ எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது "இதெல்லாம் நீங்க வந்த பிறகு ஆனது" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வாசல் பூட்டின் சாவி முன்பிருந்தவரிடமும் ஒன்று இருக்கலாம், பூட்டை மாற்றுங்கள். முழு கேஸ் இணைப்பு வரும்வரை 5 கிலோ சிலிண்டரை அடையாள அட்டை காட்டி ஏஜென்சியிலேயே வாங்கலாம். தெருவில் நிரப்பித் தரும் சிலிண்டரைத் தொடாதீர்கள். குடியிருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க ஓனர் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள், அது வழக்கமான நடைமுறைதான்.

சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளில் இவற்றை எழுதி ஒட்டிவிடுங்கள்: மோட்டார் போடுகிறவர் எண், கேன் தண்ணீர்க்காரர் எண், பிளம்பர் எண். குடிநீர், சாக்கடை அடைப்புக்குக் குடிநீர் வாரியம் 044-45674567. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் தேங்குதலுக்கு மாநகராட்சி 1913. கரண்ட் போனால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987; அழைக்கும்போது சர்வீஸ் எண்ணைக் கேட்பார்கள், அதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.